அசலைத் தொடாத சிப்பிக்காரர்கள்

காலை ஆறே முக்கால் மணி. பிப்ரவரி மாதம். படகுத் துறையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். எல்லோரும் கையில் காபி கப்பை வைத்துக்கொண்டு ஒரு கொட்டகைச் சுவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் நடிகை படம் எதுவும் இல்லை. ஒரு தெர்மாமீட்டர்!

அது 24 டிகிரி காட்டியது. ஃபாரன்ஹீட் கணக்கு. 28-க்கு ஏற வேண்டும். நம் கணக்கில் மைனஸ் 2 டிகிரி. அதுவரை ஒரு படகும் தொழிலுக்குக் கிளம்பக் கூடாது என்று சட்டம். காலை பத்து மணிக்குள் ஏறாவிட்டால் அன்றைய சம்பாத்தியம் அம்போ! வீட்டுக்குப் போய்ப் போர்வைக்குள் புகுந்துகொள்ள வேண்டியதுதான்.

எனக்கு மூக்கு இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இந்தக் குளிரில் ஆட்களைக் கடலுக்கு அனுப்பாமல் இருக்க ஒரு சட்டம் போட்டிருக்கிறார்களே, என்ன கருணை என்று உருகிவிட்டேன்.

"நல்ல சட்டம் சார். தொழிலாளர் நலன்!" என்றேன், பக்கத்தில் நின்ற பெரியவரிடம்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்களுக்காக இல்லப்பா. சிப்பிக் குஞ்சுங்களுக்காக."

இடம்: நான்டக்கெட். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, அட்லான்டிக் கடலில் கிடக்கும் சின்னத் தீவு. அந்தக் காலத்தில் திமிங்கில வேட்டைக்கு உலகத் தலைநகரம். 'மோபி டிக்' நாவலில் கப்பல் கிளம்புவதே இங்கிருந்துதான். திமிங்கிலமெல்லாம் போய்விட்டது. இப்போது கோடைக்காலத்தில் கோடீஸ்வரர்கள் வருகிறார்கள். குளிர்காலத்தில் சிப்பி பிடிக்கிறார்கள். (கோடீஸ்வரர்கள் அல்ல, ஊர்க்காரர்கள்!)

அக்கா வீட்டுக்கு மூன்று வாரம் போயிருந்தேன். பாஸ்டனுக்குத் தெற்கே கடலோரமாக ஓர் ஊர். அத்தானுடன் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு வெள்ளைக்காரரின் சித்தப்பா நான்டக்கெட்டில் சிப்பி பிடிக்கிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. "அந்தக் குளிர்ல அங்க போய் என்னடா பண்ணப் போற?" என்று அக்கா கேட்டாள். பி.காம். படித்தவன் எழுதிப் பிழைக்கிறேன் என்றால் நான்கு இடம் போய்த்தானே ஆக வேண்டும்? ஹையானிஸ் என்ற ஊரில் கப்பல் ஏறி, இரண்டேகால் மணி நேரம் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினேன். தெர்மாமீட்டரைக் காட்டி எனக்குப் பாடம் சொன்ன பெரியவர்தான் அந்தச் சித்தப்பா. இந்தக் கட்டுரை முழுக்க அவர் சித்தப்பாதான். பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டார்.

முதலில் சிப்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இதை நீங்கள் பார்த்ததே இல்லை என்று நினைப்பீர்கள். பார்த்திருக்கிறீர்கள். ஷெல் கம்பெனி பெட்ரோல் பங்க்கில் மஞ்சளும் சிவப்புமாக விசிறி மாதிரி ஒரு சின்னம் இருக்கிறதே, அதேதான்! அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவரின் அப்பா லண்டனில் கிளிஞ்சல் வியாபாரி. அந்த ராசியில் கம்பெனிக்கு 'ஷெல்' என்று பெயர் வைத்தார்கள். 1904-லிருந்து இந்த விசிறிச் சிப்பிதான் சின்னம். ஆங்கிலத்தில் ஸ்காலப். போட்டிச்செல்லி வரைந்த ஓவியத்தில் வீனஸ் தேவதை நிற்பாளே, அவள் நிற்பதும் இதன் மேல்தான். (அந்த ஓவியத்தில் நீங்கள் சிப்பியைக் கவனிக்கவில்லை என்றால் தப்பில்லை.)

மற்றச் சிப்பிகள் சோம்பேறிகள். பாறையில் ஒட்டிக்கொண்டு, சேற்றில் புதைந்துகொண்டு காலம் தள்ளும். இது நீந்தும்! இரண்டு ஓட்டையும் டப் டப்பென்று தட்டி, தண்ணீரைப் பீய்ச்சி, எகிறி எகிறிப் போகும். பல்செட் ஒன்று தானாகக் கடித்துக்கொண்டு நீந்திப் போவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஓட்டின் விளிம்பு முழுக்க வரிசையாக நீலக் கண்கள், டஜன் கணக்கில். ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் டெலஸ்கோப்பில் இருப்பது போல ஒரு குழிந்த கண்ணாடி இருந்து பிம்பத்தைக் குவிக்கிறது. இத்தனை கண் இருந்தும் சித்தப்பாவின் வலையில் மாட்டிக்கொள்கிறது என்பது வேறு விஷயம்.

ஓட்டைத் தட்டி நீந்துவதற்கு நல்ல பலமான தசை வேண்டுமே! ஓடுகளுக்கு நடுவில் வெள்ளையாக, உருண்டையாக ஒரு தசை. நான்டக்கெட் சிப்பியில் அது பெரிய கோலிக்குண்டு அளவுதான் இருக்கும். இவர்கள் அதை மட்டும்தான் சாப்பிடுகிறார்கள். மற்றதெல்லாம் குப்பைக்கு. அந்தக் கோலிக்குண்டு கடையில் பவுண்டு 20 டாலரைத் தாண்டுவது சர்வ சாதாரணம். கிலோவுக்குக் கணக்குப் போட்டால் 3,500 ரூபாய்க்கு மேல். சித்தப்பா ஒன்றைப் பச்சையாகவே என் கையில் வைத்து, "வாயில போடு" என்றார். போட்டேன். இனிப்பு! மீனும் இல்லை, இறாலும் இல்லை. இளநீர் வழுக்கையைக் கடல் தண்ணீரில் முக்கி எடுத்தது போல ஒரு ருசி. (வீட்டில் அம்மாவுக்கு இந்தப் பாராவை யாரும் படித்துக் காட்ட வேண்டாம்.)

ஆழ்கடலில் பெரிய கப்பல்கள் பிடிக்கும் பெரிய ஜாதி ஸ்காலப் வேறு. இது 'பே ஸ்காலப்', அதாவது உப்பங்கழிச் சிப்பி. மணல் திட்டுகள் கடலைத் தடுத்து, உள்ளே குளம் போலத் தண்ணீர் அமைதியாக நிற்கும் ஆழமில்லாத இடங்களில் வளர்வது. பிடிப்பதும் சின்னப் படகு, இரண்டு ஆள் விவகாரம்தான். கம்பெனி கிடையாது, கப்பல் படை கிடையாது.

ஆனால் சட்டம் இருக்கிறது. அப்பப்பா! தொழிலுக்குச் சீசன் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. ஒரு லைசென்ஸுக்கு ஒரு நாளைக்கு ஐந்து புஷல். புஷல் என்பது சுமார் 35 லிட்டர் கொள்ளும் அளவு. இரண்டு பெரிய பிளாஸ்டிக் வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். படகில் லைசென்ஸ் உள்ளவர் இரண்டு பேர் இருந்தால் பத்து. அதற்கு மேல் ஒரு சிப்பி கூடாது. காலை பத்து மணிக்கே கோட்டா முடிந்துவிட்டதா? கரைக்குத் திரும்பு. கடலில் இன்னும் கொட்டிக் கிடக்கிறதே என்றால், கிடக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் இருக்கிறது. ரேகை சட்டம் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். ஓட்டின் மேல் குறுக்காக ஒரு வரி தடித்துத் தெரிய வேண்டும். அது இருந்தால் கூடைக்கு. இல்லாவிட்டால் திரும்பக் கடலுக்கு.

அது என்ன ரேகை? குளிர்காலத்தில் சிப்பி வளராது. வசந்தம் வந்ததும் திரும்ப வளர ஆரம்பிக்கும். அந்த இடைவெளி, ஓட்டில் ஒரு வரியாக விழுந்துவிடும். வரி இருந்தால் ஒரு குளிர்காலத்தைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். ஒரு குளிர்காலத்தைப் பார்த்திருந்தால் அதற்கடுத்த கோடையில் முட்டையிட்டுவிட்டது என்று அர்த்தம். (இதில் ஆண், பெண் என்று தனித்தனியாகக் கிடையாது. ஒவ்வொன்றும் இரண்டும்தான். வரன் தேடும் தொல்லை இல்லை.)

இங்கேதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த பி.காம். எழுந்து உட்கார்ந்தது.

இந்தச் சிப்பியின் ஆயுளே ஒன்றரையிலிருந்து இரண்டு வருஷம்தான். பெரும்பாலானவை வாழ்நாளில் ஒரே ஒரு கோடையில் முட்டையிடும். அடுத்த குளிர்காலம் முடிந்து கொஞ்ச நாளில் தானாகவே செத்துப்போகும். அதாவது, ரேகை விழுந்த சிப்பியை சித்தப்பா பிடிக்காவிட்டாலும் அது அடுத்த கோடையைப் பார்க்கப் போவதில்லை. முட்டையிட்டுக் கடமையை முடித்துவிட்டு, 'போய்விட்டு வருகிறேன்' என்று மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் ஜீவனைத்தான் இவர்கள் எடுக்கிறார்கள். ரேகை இல்லாதது குஞ்சு. வரப்போகும் கோடைக்கு முட்டையிட வேண்டியது. அது அசல். ரேகை உள்ளது வட்டி. வட்டியை எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய். அசலில் கை வைத்தால் அபராதம்! எங்கள் காலேஜில் மூன்று வருஷம் அக்கவுண்டன்சி நடத்திய புரொபசருக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல வரவில்லை.

தெர்மாமீட்டர் மர்மமும் இப்போது புரியும். வலையில் குஞ்சும் சேர்ந்துதான் வரும். படகில் கொட்டிப் பொறுக்கி, திரும்பத் தண்ணீரில் போடுவதற்குள் குளிர்காற்றில் குஞ்சு விறைத்துச் செத்துவிடும். அதனால்தான் அந்த 28 டிகிரி. பத்தாவது மாடி ஆபீசில் உட்கார்ந்து யோசித்தால் இது தோன்றாது. படகில் நின்று கை விறைத்தவன் யோசித்த சட்டம்.

அன்றைக்கு ஒன்பதே காலுக்கு 28 ஆயிற்று. காபி கப்புகள் குப்பைத் தொட்டிக்குப் போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஐந்து நிமிஷத்தில் துறை காலி.

நான் கூடப் போகவில்லை. 'ஏறுகிறாயா?' என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கரையிலிருந்து பார்த்தாலே போதுமானதாக இருந்தது. படகு இருபது அடி சொச்சம் நீளம். இரும்புச் சட்டம் வைத்த வலைப் பைகள் ஆறேழு, ட்ரெட்ஜ் என்கிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டரை அடி அகலம்தான். கயிற்றில் கட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு போகிறார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி, படகின் குறுக்கே போட்டிருக்கும் பலகையில் கொட்டுகிறார்கள். புல், கல், நண்டு, காலி ஓடு, குஞ்சு, சிப்பி எல்லாம் கலந்து விழும். அதில் கண்ணும் கையும் ரேகையைத் தேடுகின்றன. நம் ஊரில் மார்க்கெட்டில் சில பெண்கள் கத்திரிக்காய் பொறுக்குவார்களே, பார்க்காமலே சொத்தையை ஒதுக்கும் விரல்கள்! அந்த மாதிரி விரல்கள்.

மத்தியானம் கரையில் சித்தப்பாவின் கொட்டகை. மரத்தடுப்பு, ஒரு ஹீட்டர், ஒரு ரேடியோ, நடுவில் நீள மேஜை. சிப்பியைத் திறக்கிறவர்கள் தனி. பவுண்டுக்கு இவ்வளவு என்று கூலி. சித்தப்பாவின் மனைவியும் பக்கத்து வீட்டு அம்மா ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கத்தியை உள்ளே விட்டு ஒரு இழுப்பு, மேல் ஓடு போச்சு. அடுத்த இழுப்பில் குடல் சவ்வெல்லாம் போச்சு. மூன்றாவதில் வெள்ளைத் தசை கிண்ணத்தில். வாட்சைப் பார்த்து எண்ணினேன். ஒரு சிப்பிக்கு ஐந்தாறு விநாடி. பேச்சு நிற்கவே இல்லை. ஊரில் யார் யாருடன் பேசவில்லை, யார் வீட்டை விற்றார்கள்... நான் ஒன்றை எடுத்து முயன்றதில் இரண்டரை நிமிஷமும் கட்டைவிரல் தோலும் செலவாயின.

கணக்குப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஒரு புஷலில் தசை ஏழெட்டுப் பவுண்டு தேறும். ஐந்து புஷலுக்கு 35 முதல் 40 பவுண்டு. படகுக்காரருக்குப் பவுண்டு 15 டாலர் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 525-லிருந்து 600 டாலர். இதில் திறப்பவர் கூலி, பெட்ரோல், கயிறு, படகு ரிப்பேர், குளிர் தாங்காமல் வீட்டில் இருந்த நாள்கள் எல்லாம் போக வேண்டும். இதை வைத்து அந்தத் தீவில் வீடு வாங்க முடியுமா? சித்தப்பா சிரித்தார். அங்கே சாதாரண வீட்டின் விலையே மில்லியன் டாலர்களில்தான் ஆரம்பிக்கிறது. அவருக்குத் தாத்தா வீடு இருப்பதால் வண்டி ஓடுகிறது.

"என் மகன் வரலை இந்தத் தொழிலுக்கு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் இந்தத் துறையில் நிற்க இடமிருக்காதாம். 1980-களின் தொடக்கத்தில் ஒரே சீசனில் லட்சம் புஷல் பிடித்த வருஷம் உண்டு. இப்போதெல்லாம் பெரும்பாலான சீசன்களில் பத்தாயிரத்தைத் தொட்டாலே பெரிய விஷயம்.

இத்தனை சட்டம் போட்டு, அசலைத் தொடாமல், குஞ்சுக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டும் ஏன் குறைந்தது? எனக்கு இதுதான் புரியவில்லை. லெட்ஜரில் எல்லாம் சரியாக இருக்கிறது, பேலன்ஸ் ஷீட் மட்டும் டாலி ஆகவில்லை!

பதில், பலகையில் சிப்பியோடு வந்து விழுந்த அந்தப் புல்லில் இருந்தது.

ஈல் கிராஸ் என்கிறார்கள். தரைத் தண்ணீரில் ரிப்பன் ரிப்பனாக நீண்டு ஆடும் கடற்புல். நம் பாக் விரிகுடாவில் கடற்பசு மேய்கிறதே, அந்தப் புல்லுக்குத் தூரத்துச் சொந்தம். சிப்பியின் முட்டை பொரிந்து இரண்டு வாரம் தண்ணீரில் மிதந்து அலையும். பிறகு எங்கேயாவது பிடித்துக்கொள்ள வேண்டும். தரையில் விழுந்தால் நண்டு வாயில் பலகாரம். கடற்புல் இருந்தால் அதில் நூல் விட்டுக் கட்டிக்கொண்டு, நண்டுக்கு எட்டாத உயரத்தில் தூளியில் தூங்குகிற குழந்தை மாதிரி ஆடிக்கொண்டு வளரும். புல் இல்லையென்றால் குழந்தையும் இல்லை. சிப்பி வட்டி, குஞ்சு அசல் என்றேனே... அசலைப் போட்டு வைத்திருக்கும் பாங்க்கே இந்தப் புல்தான்!

பாங்க் திவாலானால் என்ன ஆகும் என்பதற்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம். இதே அட்லான்டிக் கரையில், தெற்கே, வர்ஜீனியா மாநிலத்தின் உப்பங்கழிகள். 1930-களின் தொடக்கத்தில் ஒரு நோய் வந்து அட்லான்டிக்கின் இரு கரையிலும் ஈல் கிராஸை அழித்தது. மிச்சமிருந்ததை 1933-ல் ஒரு பெரும்புயல் துடைத்துப் போட்டது. அத்தோடு வர்ஜீனியாவில் இந்தச் சிப்பித் தொழில் முடிந்தது. குறைந்துபோகவில்லை. ஒரேயடியாக முடிந்தது.

அடுத்தது நியூயார்க் பக்கம், லாங் ஐலண்டின் பெக்கோனிக் விரிகுடா. 1985 கோடையில் தண்ணீர் திடீரென்று காபி நிறத்துக்கு மாறியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி கோடானுகோடியாகப் பெருகியதால் வந்த வினை. வெயில் புல்லுக்குப் போகவில்லை. சிப்பியால் அந்தப் பாசியைச் சாப்பிட்டு உயிர் வாழ முடியவில்லை. சோற்றுப் பானைக்குள்ளேயே பட்டினி கிடந்து செத்தன. சில வருஷத்தில் தொழில் கிட்டத்தட்ட பூஜ்யம். அங்கே குஞ்சு வளர்த்து விட்டு, விட்டு, மெல்ல எழுந்து நின்றார்கள். 2019-ல் சீசன் தொடங்கப் போய்ப் பார்த்தால் வளர்ந்த சிப்பிகள் மொத்தமாகச் செத்துக் கிடந்தன. சூடான தண்ணீர், கூடவே ஓர் ஒட்டுண்ணி என்று கண்டுபிடித்தார்கள். அடுத்தடுத்த வருஷங்களிலும் அதே கதை.

நான்டக்கெட்டில் இப்போது பெரிய தொல்லை நோயும் புயலும் இல்லை. அங்கே வில்லன் பச்சையாக, அழகாக, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் படுத்திருக்கிறான். புல்வெளி!

கோடீஸ்வரர்களின் கோடை வீடுகள் என்றேனே, அந்த வீட்டு முன்னால் பில்லியர்ட்ஸ் மேஜை மாதிரி புல் வேண்டும். அதற்கு உரம் வேண்டும். உரத்தில் நைட்ரஜன். மணல் பூமி, மழை பெய்தால் நைட்ரஜன் நேராகக் கழிக்குள் இறங்குகிறது. கூடவே செப்டிக் டாங்க் கசிவு. தண்ணீருக்குள் போன நைட்ரஜன், பாசியை வளர்க்கிறது. பாசி வெயிலை மறைக்கிறது. வெயில் இல்லாமல் கடற்புல் சாகிறது. தரையில் புல் வளர்க்கப் போய்த் தண்ணீரில் புல் செத்தது. படகில் போகிறவன் ஒவ்வொரு சிப்பியாகத் திருப்பித் திருப்பி ரேகை பார்க்கிறான். கரையில் இருக்கிறவன் எதையும் பார்க்காமல் மூட்டையைப் பிரிக்கிறான்.

சித்தப்பா கோடையில் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். ஐந்து மாதம்தானே சிப்பி? மிச்ச ஏழு மாதம் வயிறு இருக்குமே?

"தச்சு வேலை. அப்புறம் தோட்ட வேலை. பெரிய வீடுகள்ல புல்லு வெட்டறது" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "ஆமாம். உரமும் நானேதான் போட்டேன். இருபது வருஷம்."

கொட்டகையில் கத்திச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா ரேடியோவைக் கொஞ்சம் சின்னதாக வைத்தார்.

"யாரும் சொல்லலை அப்ப. சொன்ன பிறகும் ரெண்டு வருஷம் போட்டேன். அப்புறம் விட்டுட்டேன். புல்லு வெட்டறேன், உரம் போட மாட்டேன்னு சொன்னேன். ரெண்டு வீட்டுக்காரங்க வேற ஆளைப் பார்த்துக்கிட்டாங்க."

சிப்பி இறைச்சியைத் துணி வைத்து ஒற்றி எடுத்துத் தராசில் வைத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

ஊர் சும்மா இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013-லிருந்து புல்வெளி உரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. பிரான்ட் பாயின்ட் என்ற இடத்தில், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலேயே, ஊர் நிர்வாகம் பொரிப்பகம் வைத்துச் சிப்பிக் குஞ்சுகளை உற்பத்தி செய்து கழியில் விடுகிறது. புயலடித்த மறுநாள் குஞ்சுகள் கரையில் ஒதுங்கிக் கிடந்தால், ஊர்க்காரர்கள் வாளியோடு வந்து பொறுக்கித் திரும்பக் கொண்டுபோய்த் தண்ணீரில் விடுகிறார்கள்.   இதே நைட்ரஜன் தொல்லைக்காக மாசசூசெட்ஸ் அரசு 2023-ல் கேப் காட் பகுதியின் செப்டிக் டாங்க் விதிகளை இறுக்கியது. வீட்டுக்காரர்கள் செலவை நினைத்து அலறினார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1982-ல் சீனாவிலிருந்து ஜாங் ஃபுசுயி என்ற விஞ்ஞானி அமெரிக்காவிலிருந்து இந்த ஜாதிச் சிப்பி 128 கொண்டுபோனார். பிழைத்தது 26. வெறும் இருபத்தாறு! அவற்றை முட்டையிட வைத்துப் பெருக்கினார். அந்த இருபத்தாறின் வம்சம் பெருகி, சீனாவில் வருஷத்துக்கு லட்சக்கணக்கான டன் அறுவடையாகும் தொழிலாக ஆகிவிட்டது. உறைய வைத்துப் பாக்கெட் போட்ட சீன பே ஸ்காலப், அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டிலேயே மலிவு விலைக்கு வந்தது. இந்தக் கதையை நான் சொன்னபோது சித்தப்பா, "தெரியும். எங்க பேரப்புள்ளைங்கதான் எங்களுக்குப் போட்டி" என்றார்.

வர்ஜீனியாவை அழிந்த கதை என்று விட்டுவிட்டேன். அதில் ஒரு பாக்கி இருக்கிறது. 1990-களின் கடைசியில், அங்கே ஒரு ஓரத்தில் ஈல் கிராஸ் திட்டு ஒன்று தானாக முளைத்திருப்பதைக் கண்டார்கள். வர்ஜீனியா கடல் அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் ஆர்த் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவும் 1999-லிருந்து புல் விதையைக் கையால் சேகரித்து, கையாலேயே உப்பங்கழியில் தூவினார்கள். இருபது வருஷத்தில் ஏழு கோடி விதைக்கு மேல். தூவியது ஐந்நூறு ஏக்கர் சொச்சம். பரவியது 9,000 ஏக்கர்! அதற்குப் பிறகுதான் சிப்பியைக் கொண்டுவந்து விட்டார்கள். முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் நீலக் கண்கள் திரும்பத் திறந்தன. முதலில் பாங்க், அப்புறம் டெபாசிட். அங்கே தண்ணீர் சுத்தமாக இருந்ததால் நடந்தது. கரையில் பெரிய பெரிய வீடுகள் இல்லை என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது சித்தப்பா இரண்டு பவுண்டு சிப்பி இறைச்சியை ஐஸ் வைத்துக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார். வெளியே வந்தால், கொட்டகை வாசலில் காலி ஓடுகள் இடுப்பளவு குவியல். அங்கே வீட்டுக்கு வண்டி போகும் பாதையில் ஜல்லி போடுவதற்குப் பதிலாக இந்த ஓடுகளைத்தான் கொட்டுகிறார்கள். ஒரு ஓட்டை எடுத்துப் பார்த்தேன். ரேகை தெளிவாக இருந்தது. ஞாபகத்துக்கு பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

அக்கா வெண்ணெயில் போட்டு இரண்டே நிமிஷம் வதக்கினாள். நம்மால் சும்மா இருக்க முடியுமா? மேலே மிளகுத் தூள், கருவேப்பிலை. அத்தான் மூன்று தடவை போட்டுக்கொண்டார். "மாப்ளே, வாழ்க்கையில இப்படி ஒண்ணு சாப்பிட்டதில்ல!"

சாப்பிட்டுக்கொண்டே நான் எல்லாவற்றையும் சொன்னேன். தெர்மாமீட்டர், ரேகை, அசல், வட்டி, கடற்புல், நைட்ரஜன், சித்தப்பா விட்ட இரண்டு வீடு. அத்தான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "கரெக்ட், கரெக்ட். மனுஷன் திருந்த மாட்டான்" என்றார்.

சாப்பிட்டு முடித்துக் குப்பையைப் போட கராஜுக்குப் போனேன். காருக்குப் பின்னால் சுவரோரமாக இரண்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன. மேலே பச்சைப் பசேலென்று புல்வெளிப் படம். சீசனுக்கு முன்னால் தள்ளுபடியில் வாங்கிப் போட்டிருக்கிறார்.

திரும்பினால் பின்னால் அத்தான் நிற்கிறார். அவரும் மூட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தபோது மூட்டைகள் அங்கேயேதான் இருந்தன. படம் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.